காறல்

லியோனிலையிருந்து வந்த போத்தில்
மூண்டு பொலித்தீன் பையும் ஒரு துவாயும் சுத்தி
கட்டுநாயக்காவிலை இறங்கி
இரவு பஸ்ஸிலை குருநகர் வந்து சேர்ந்தது.
மச்சாள் ஜெசிந்தா எழுதி ஒட்டியிருந்தா:
"அண்ணைக்கு மட்டும். பொரிக்க வேண்டாம்."

பொரிக்க வேண்டாம் எண்டால்
எண்ணெய் எதுக்கு எண்டு
ஒரு கிழமை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தன்.
பச்சையுமில்லை மஞ்சளுமில்லை,
மாரியிலை கரையோரம் தேங்கி நிக்கிற தண்ணியின்ரை நிறம்.

பக்கத்திலை என்ரை சூரியகாந்தி.
ஐந்துசந்தியிலை வாங்கின ஒரு லீற்றர்.
மூடியிலை தூசி, லேபலிலை ஒரு பூ.
எந்தப் பக்கம் திருப்பி வைச்சாலும்
என்னைத்தான் பார்க்கும்.
மணமுமில்லை குணமுமில்லை எண்டு சொல்லுவினம்.
ஆனால் சீலாவைப் போட்டால் சீலா மணக்கும்,
செத்தல் மிளகாயைப் போட்டால் மிளகாய் மணக்கும்.
தன்னைப்பற்றி ஒண்டும் சொல்லாத எண்ணெய்.
அடுப்பு எவ்வளவு எரிஞ்சாலும் லேசிலை புகையாது.

கிளினிக்கிலை நேர்ஸ் பிள்ளை தர்மிலா
'சவிரிமுத்து அந்தோனிப்பிள்ளை' எண்டு
கொப்பியை விரிச்சபோது கேட்டன்.
"அம்மா, ரெண்டும் கொழுப்புத்தான்.
ஒலிவ் நெஞ்சுக்குக் கொஞ்சம் நல்லது, உண்மை.
சூரியகாந்தி நஞ்சில்லை, அதுவும் உண்மை.
நேற்றுப் பொரிச்ச எண்ணெயை
வடிச்சு வைச்சிருக்கிறியளோ? முதல் அதைச் சொல்லுங்கோ."
நான் சொல்லேல்லை.
முகம் சொல்லிப்போட்டுது.

அண்டைக்கு இரவு
வெங்காயமும் தக்காளியும் அரிஞ்சு
தேசிக்காய் புளிஞ்சு
ஒரு தேக்கரண்டி, ஒண்டே ஒண்டு, ஊத்தினன்.
இவர் ஒரு வாய் வைச்சிட்டு இருமினார்.
"காறுது."
"காரலோ? இண்டைக்கு மீனே இல்லை."
"தொண்டை காறுது எண்டுறன்."
போனிலை மச்சாள் சிரிச்சா.
காறினால்தான் நல்ல எண்ணெயாம்,
காறாட்டில் பழசாம்.
இருபத்தெட்டு வருசம் இந்த மனுசனோடை சீவிச்சும்
காறுறது நல்லதுக்கெண்டு
எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

நான் சொல்ல வந்தது அதில்லை.

மூடி திறந்த உடனை வந்த மணம்
எனக்குப் புதிசில்லை.
பெரியாஸ்பத்திரி, ஏழாம் வாட்டு,
தை மாசம், விடியப்புறம் மூண்டு மணி.
பாதர் ஒரு சின்னச் செப்பைத் திறந்து
பெருவிரலாலை இவற்றை நெத்தியிலை ஒரு சிலுவை,
உள்ளங்கையிலை ஒரு சிலுவை.
அவஸ்தைப் பூசுதல்.
துடைக்கலாமோ கூடாதோ தெரியாமல்
வெளிக்கும்வரை அந்த மினுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன்.
நெத்தி காயக் காய
மூச்சுச் சீராய் வந்தது.
எண்ணெயாலை எண்டு சொல்லமாட்டன்.
பிறகு நெஞ்சுக்குள்ளை வைச்ச கம்பிவலையாலைதான் எண்டும்
முழுசாய்ச் சொல்ல வாய் வருகுதில்லை.

அந்த எண்ணெயிலை நான் எப்பிடி மீன் பொரிக்கிறது?

போன ஞாயிறு பத்திநாதன் ரெண்டு விளைமீன் தந்தவன்.
இவர் அதைக் குசினி மேசையிலை வைச்சிட்டு
ஒண்டும் பேசாமல் போய் ரேடியோவைப் போட்டார்.
சத்தத்தைக் கூட்டினார்.
எனக்கு விளங்கிச்சுது.
ரெண்டே ரெண்டு துண்டு,
தட்டைச் சட்டியிலை மூண்டு கரண்டி சூரியகாந்தி.
மிச்சத்தை வடிக்காமல் ஆறவிட்டு
கடதாசியாலை துடைச்சு எறிஞ்சன்.
எறியேக்கை கை கூசினது.
காசெல்லோ.

நேற்று மச்சாள் கேட்டா,
"முடிஞ்சுதோ? வாற மாசம் ஒராள் வருகுது."
"அரைவாசி கிடக்கு."
"அப்ப பாவிக்கேல்லையோ?"
"பாவிக்கிறம். சட்டிக்கில்லை."
விளங்காமல் கொஞ்சம் பேசாமல் இருந்தா.
பிறகு அங்கை குளிர் எண்டா.

இவர் படுத்தாப்பிறகு
றோஸ் பாண் துண்டொண்டைப் பிச்சு
போத்தில் வாயிலை ஒத்தித் திண்டு பார்த்தன்,
'அண்ணைக்கு மட்டும்' எண்ட எழுத்தைக்
கையாலை மறைச்சுக்கொண்டு.

இருமல் வந்தது.
உள்ளுக்கையிருந்து இவர்:
"என்னப்பா அங்கை?"

"காரல் முள்ளு" எண்டன்.