பத்துக்கு இரண்டு குறைவு

காட்பாடியில் இறங்கியவர்கள் பன்னிரண்டு பேர்.
பன்னிரண்டு தண்ணீர் பாட்டில்,
மதியத்துக்குப் பன்னிரண்டு தயிர்ச்சாதம்.
பிரியாணி வேண்டாமாம்.
டிரைவர் இம்தியாஸுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

எந்தக் குழு வந்தாலும் எங்கள் ஊர் வசையைச் சொல்வேன்:
நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.
சாமி இப்போது வந்துவிட்டார் என்றும் சேர்த்துக்கொள்வேன்.
சிரிப்பார்கள்.
இவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

ராணிப்பேட்டையில் தோல் நாற்றம் வேனுக்குள் ஏற
ஜன்னல்கள் மூடின.
மிரியம் அம்மாள் மட்டும் திறந்தே வைத்திருந்தாள்.
"எங்கள் வேதம் தோலில் எழுதியது.
எழுத்து ஏறுமுன் அதுவும் இப்படித்தான் நாறியிருக்கும்."

அவர்கள் தேடி வந்தது லியோபோல்ட் ஸாண்டரை.
முப்பத்தெட்டில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து
இங்கே சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவே
ரசாயனம் கலந்தவர்.
மறுவருஷம் யுத்தம்.
போலீஸ் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே
'எதிரி நாட்டவர்'.
என்ன அழகான கையெழுத்து!
அந்த நகலை மடித்து மடித்து
மடிப்பிலேயே கிழிந்திருந்தது.

வேலூர்க் கல்லறைத் தோட்டம், தெற்கு மூலை.
இம்தியாஸ் சீமைக்கருவேலை ஒதுக்கிப் பிடித்தான்.
கல் இருந்தது. எழுத்து இருந்தது.
ஆனால் ஒருவராலும் படிக்க முடியவில்லை.
மாதிரித் தாளைக் கல்தச்சன்
திருப்பி ஒட்டிவிட்டான் போல.
எல்லா எழுத்தும் முதுகு காட்டி நின்றன.
நானே வெட்டியதுபோல் எனக்குக் கூச்சம்.

மிரியம் பவுடர் டப்பாவைத் திறந்தாள்.
குனிந்து, கண்ணாடியைக் கல்லுக்குக் காட்டி
வலமிருந்து இடமாக
ஒவ்வோர் எழுத்தாய் அவரை எழுப்பினாள்.
கண்ணாடி வெயில் மதில்மேல்
ஓணான்போல் ஓடியது.

பிறகு பிரார்த்தனை.
பத்து ஆண்கள் வேண்டுமாம். இருப்பது எட்டு.
"எங்களையும் எண்ணுங்கள்" என்றாள் தமார்.
யோசேப் பெரியவர் தலையசைத்தார், இல்லையென்று.
அதன்பின் அவர்கள் மொழியிலேயே நடந்தது.
சண்டைக்கு எதற்கு மொழிபெயர்ப்பு?
வேலூர் வெயிலில் இருபது நிமிஷம்.
வசைப் பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது:
ஆளிருந்தும் ஆள் போதாத பிரார்த்தனை.

ஆளுக்கொரு கல் பொறுக்கி வைத்தார்கள்.
கல்லுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

அப்போதுதான் என் போன் அடித்தது. ஓட்டல்காரர்.
"சார், மொத்தம் எத்தனை பேர்?"
"ட்வெல்வ்" என்றேன்,
தேவைக்குமேல் சத்தமாக.

தமார் சிரித்துவிட்டாள்.
பெரியவர் மரமில்லாத மலையைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.