பூஜ்யத்தைப் பிடித்திருந்தவர்

மூன்று நாள் தந்தார்கள்.
நான்காம் நாள் இயந்திரம் வரும்.
தண்டையார்பேட்டையில், சரக்கு ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
துறைமுக எழுத்தர்களுக்கென்று அறுபத்திரண்டில் கட்டிய
நான்கு மாடி ‘சி’ பிளாக்.
வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை.
வெள்ளத்தில் போயிற்று என்றார்கள் ஓரிடத்தில்.
எந்த வெள்ளம் என்று கேட்டார்கள் அடுத்த இடத்தில்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க எனக்குக் கிடைத்தவர்
பெஞ்சலய்யா.
இடிக்க ஏலம் எடுத்தவரின் மேஸ்திரி.
பூஜ்யத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டு
“ம், இழு” என்பார்.
மூன்று அறுபத்தைந்து, என்பேன். இரண்டு தொண்ணூறு.
அவரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார்
வேறேதோ கணக்கை.

மேற்குச் சுவர் முழுக்க ஓட்டைக் கற்கள்,
வெயிலை நறுக்கி உள்ளே அனுப்பும் கான்கிரீட் சல்லடை.
ஒரு கல்லை வரைய நாற்பது நிமிடம்.
மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்றை வரைந்தேன், மீதியை எண்ணினேன்.
ஒரு கண்ணில் பல் தேய்க்கும் பிரஷ்
ஒரு கண்ணில் புறா முட்டை
எல்லாக் கண்ணிலும் எண்ணூர்க் கரித்தூசு.
தூசை எப்படி வரைவது?
புள்ளி வைத்தேன். அழித்தேன்.

காலியான வீடுகளுக்கு நடுவே
பதினோராம் எண்ணில் ஹெப்சிபா மட்டும் இருந்தார்.
கேஸ் கனெக்‌ஷன் இன்னும் புது விலாசத்துக்கு மாறவில்லையாம்.
“பிரிட்ஜையும் போடுவியா இதுல?”
நகர்த்தக்கூடியதை நாங்கள் வரைவதில்லை.
விட்டுவிட்டு வரைந்த கோட்டில் ஒரு கட்டம் போட்டேன்.
கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும்.

பெஞ்சலய்யா தூணைச் சுத்தியால் தட்டிக்
காதை வைத்தார்.
“இதுல ஆறு கம்பி. அதுல நாலுதான்.
எவனோ துன்னுட்டுக்கீறான்.”
அறுபது வருடத்துக் களவு
பென்சிலால் நோட்டில் ஏறியது.
உப்புக்காற்று அரித்தது போக எத்தனை கிலோ தேறும்,
அதுதான் அவருடைய கட்டடம்.
என் தாளில் எடைக்கு இடமே விடவில்லை நான்.

படிக்கட்டு,
நடுத்தூண் இல்லாமல் வளைந்து
சிவப்பு மொசைக்கில் மேலே போகிறது.
முதல் மாடிக்கு இருபது படி. எழுதினேன்.
“இருவத்தொண்ணு, மேடம்.”
மறுபடி எண்ணினேன். இருபது.
“ரோடு போட்டுப் போட்டு ஏறிக்கினே வந்துச்சில்ல?
ஒண்ணு உள்ள கீது.
இன்ஜினீரு இன்னா வேணா வரைவாரு.
கொத்தனாரு ஒத்தப்படையிலதான் முடிப்பான்.”
பார்த்ததைத்தான் வரைய முடியும் என்றேன்,
கல்லூரியில் சொல்லிக்கொடுத்த குரலில்.
அவர் டேப்பைச் சுருட்டினார்.

பன்னிரண்டாம் நாள் இரவு போனில் ஒரு படம்.
இடிபாட்டு மண்ணுக்குள்
நேற்று மெருகிட்டதுபோல் ஒரு சிவப்புப் படி.
மேலே டேப். ஒரு முனையில் அவர் கட்டைவிரல்,
நான் பிடிக்க வேண்டிய முனையில்
ஒரு செங்கல்.
எழுத்து ஒன்றும் இல்லை. பதினைந்து செண்டிமீட்டர்.

வரைபடத்தைக் கொடுத்தாயிற்று. முத்திரையும் விழுந்துவிட்டது.
கோப்பைத் திறந்தேன்.
தரைமட்டக் கோட்டில் பூஜ்யம் என்று எழுதியிருந்தேன்.
அதைக் கீழே இறக்கினால்
ஜன்னல் அடி, சன்ஷேடு, ஹெப்சிபாவின் வாசல்,
எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும்.

முதல் சரக்கு ரயில் போனபோது
மூன்றாம் மாடியில் இருந்தேன்.