கொக்கி

சேவுகன் அண்ணன் ஸ்கூட்டரைத் தொடர்ந்து
எங்கள் வண்டி போகிறது.
முன்னால் நிற்பவன் மகிழன். நடுவில் சாத்தையா.
பின்னால் நான், மடியில் ஏழுமாதக்காரி.
மூன்று ஞாயிறுகளில்
இது பதினான்காவது வீடு.
காரைக்குடி மாநகராட்சி ஆனதும்
வாடகைக்கும் பதவி உயர்வு.

செக்காலையில் பார்த்தது நல்ல வீடுதான்.
சம்பை ஊற்றுத் தண்ணீர் என்று
குழாயைத் திறந்தே காட்டினார்கள்.
பதினோராயிரம், பத்து மாத அட்வான்ஸ்,
கரண்ட் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்.
“பிள்ளை சுவத்துல கிறுக்குமா?”
நான் வாய் திறப்பதற்குள்
“யானை போடுவேன்” என்றான் மகிழன்.

நூறடி ரோட்டில், மூன்றாம் மாடியில்,
கிறுக்கலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
“சொந்த ஊரு எது?” என்றார்.
சொன்னோம்.
“அங்க எந்தத் தெரு?”
அதையும் சொன்னோம்.
மகள் குடும்பம் வந்து தங்கப்போவது
அவருக்கு அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது.

சாத்தையாவுக்குக் கானாடுகாத்தானில் வேலை,
ஹோட்டலாகிவிட்ட ஒரு பங்களாவின் வரவேற்பு மேஜையில்.
முகப்பிலிருந்து பின்கட்டு வரை
அறுபத்திரண்டு கதவுகளின் சாவியும் அவன் இழுப்பறையில்.
ஓர் அறை, ஓர் இரவு, பன்னிரண்டாயிரம்,
காலைப் பலகாரம் சேர்த்து.
எதிர்த்த வீடு பூட்டியே கிடக்கிறது.
இருபத்தேழு புள்ளிக்குப் பங்காம்.
“ஒரு மூலையைக் கேட்டுப் பாரேன்” என்றேன் ஒரு ராத்திரி.
“இருபத்தேழு கையெழுத்து வேணும்.
மூணு சிங்கப்பூர்ல இருக்கு.
ஒண்ணு செத்துப்போச்சு.”
சின்னவள் விழித்துக்கொள்ளுமளவு சிரித்தோம்.

வீடு பார்க்கையில்
அவன் சுவரைத் தட்டிப் பார்ப்பான், ஈரம் இருக்கிறதா என்று.
மகிழன் தரையில் படுத்து உருளுவான்.
சுவருக்குச் சுவர் நாலு உருளலாவது வேண்டும் அவனுக்கு.
நான் அண்ணாந்து பார்ப்பேன்.
தூளி கட்ட ஒரு கொக்கி.
அது இல்லாமல் இவள் தூங்க மாட்டாள்,
இவள் தூங்காமல் யாரும் தூங்க முடியாது.

புது வீடுகளுக்குக் கொக்கி கிடையாது.
வழவழவென்று ஜிப்சம் கூரை,
வட்ட வட்டமாய் விளக்கு.
ஆணி அடிக்கக் கூடாது.
கடிகாரம் மாட்ட? கூடாது.
சாமி படத்துக்கு?
“ஸ்டிக்கர் கொக்கி விக்குதுல்ல,
ஒன்றரைக் கிலோ தாங்கும்.”
இவள் ஏழு கிலோ நானூறு.

பர்மா காலனி, இரண்டாவது சந்து, பின்பக்கப் போர்ஷன்.
அடுப்படியில் நின்று திரும்பினால் முழங்கை இடிக்கும்.
ஃபிரிட்ஜ் எங்களோடு படுக்க வேண்டியதுதான்.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
இப்போதிருக்கும் வீட்டை இடித்து லாட்ஜ் கட்டப்போகிறார்கள்,
எங்களுக்கு இன்னும் ஒன்பது நாள்.
மகிழன் உருண்டு எழுந்து, தலையைத் தடவிக்கொண்டு,
“மூணரை” என்றான்.

நான் அண்ணாந்தேன்.
இருந்தது. பழைய இரும்பு, துருவேறி, கட்டைவிரல் கனத்தில்.
அதில் நைலான் கயிற்று முடிச்சு ஒன்று,
முடிச்சில் சிக்கிய நீலச் சேலைக் கிழிசல்.

“போன குடித்தனம் விட்டுட்டுப் போனது” என்றார்
வீட்டுக்கார விசாலாட்சியம்மா.
“ஏணி போட்டு எடுத்துடறேன்.”
“ஏன் காலி பண்ணாங்க?”
அவர் ஜன்னலைத் திறந்தார்.
“காத்து நல்லா வரும் பாருங்க.”
சேவுகன் அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்:
“வருஷத்துக்கு ஆயிரம் ஏறும்மா.
அதையும் சொல்லிடறேன்.”

சாத்தையா டோக்கன் பணத்தை எண்ணி, மறுபடியும் எண்ணினான்.
ஒப்பந்தம் பதினோரு மாதம்.
ஏழும் பதினொன்றும் பதினெட்டு.
அதற்குள் இவள் கால் தூளிக்கு வெளியே வந்துவிடும்.
இறங்கி நடந்தும்விடுவாள்.

“கழற்ற வேண்டாம், இருக்கட்டும்” என்றேன்.
யார் போட்ட முடிச்சோ, நன்றாக இறுகியிருக்கிறது.

மகிழன் புதுச் சுண்ணாம்புச் சுவரை
உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் அவனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.