மாதிரி எண் 218

சந்தூர்ப் பக்கமிருந்து வரும் லாரிகள்
ஆனி, ஆடி முழுக்க எங்கள் ஆலை வாசலில் நிற்கும்.
பெங்களூரா பழம். கழுவி, தோல் சீவி, கொட்டை நீக்கி,
கூழாகி, பீப்பாயில் அடைபட்டுக்
கப்பலேறும் முன்
ஒரு கரண்டி என்னிடம் வரும்.

ஈயம். காட்மியம். ஆர்செனிக். பாதரசம்.
நான்கு கட்டம். நான்கிலும்
'கண்டறியப்படவில்லை' என்றெழுதிக்
கையெழுத்துப் போடுவது என் வேலை.
ஏதோ குளிர்தேசத்தில் ஏதோ ஒரு குழந்தை
தயிரில் கலந்து தின்னும்.
அதன் நாக்குக்கு
கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து நான் காவல்.

முனிரத்னா தரம் பிரிக்கும் மேசையில்.
அழுகலைத் தொடாமலே, வாசத்தில் ஒதுக்குவாள்.
பர்கூர்க்காரி. தெலுங்கில் திட்டித் தமிழில் சிரிப்பாள்.
ஆவணியில் நிச்சயம்.
போட்டோ பார்த்த மாப்பிள்ளை வீட்டார்
"பொண்ணு நேர்ல என்ன கலரு?" என்றார்களாம்.
"ரெண்டு ஷேடாவது ஏறணும்க்கா."

அந்த டப்பாவை வாங்கித் தந்தது நான்.
இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை.
ரவுண்டானா பக்கம் ஃபேன்சி ஸ்டோர்,
வளையல் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தார்.
"ஃபாரின் சரக்கு மேடம், ஒரு வாரம் போதும்."
தங்க நிற மூடி, மூடிமேல் ஒரு முத்து.
செய்த ஊர் இல்லை, சேர்த்த பொருள் இல்லை,
உரிம எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ.
நாளெல்லாம் லேபிள் படிக்கிறவள்
அன்றைக்கு விலையை மட்டும் படித்தேன்.

ஒரு வாரம் போதுமாகத்தான் இருந்தது.
கன்னம் வெளுத்தது. கேன்டீனில் கேட்டார்கள்.
இன்னும் மூன்று பேருக்குக் கடைக்கு வழி சொன்னேன்.

ஆடியில் அவள் பாதத்தில்
செருப்பு வார் பதிந்து எழவில்லை.
கணுக்காலை அமுக்கினால் குழி,
நிரம்ப நேரமெடுக்கும் குழி.
"மூத்திரத்துல நுரை நிக்குதுக்கா, சோப்பு மாதிரி."
உப்பைக் குறை என்றார்கள். மாத்திரை தந்தார்கள்.
மூன்றாம் முறை தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
ஒரு சின்ன வயசு டாக்டர்
சீட்டை விட்டுவிட்டு முகத்தையே பார்த்தாராம்:
"என்னம்மா பூசறே?"

வழி சொன்ன மூவரிடமும் போனேன்.
இருவர் டப்பாவைத் தந்தார்கள்.
சுகந்தா தரவில்லை.
"ஆதாரம் இருக்கா?"

இருந்தது எந்திரம்.
விடியற்காலை, ஆளில்லாத நேரம்,
பட்டாணி அளவு எடுத்து
அமிலத்தில் கரைத்து, வடித்து, நீர்த்து,
கூழுக்குச் செய்யும் அத்தனை மரியாதையும் செய்து
அதன் வாயில் வைத்தேன்.
பதிவேட்டில் மாதிரி எண் 218.
பொருள் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

கோடு எழுந்தது,
திரையின் தலைக்கு மேல் போய்விட்டது.
நூறு மடங்கு நீர்த்தேன். போனது.
இன்னொரு நூறு.
பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாத இடத்தில்
ஒன்பதாயிரம்.
பதினோரு வருஷத்தில் முதன்முறையாக
அந்தக் கட்டத்தில் ஓர் எண் எழுதினேன்.

பாதரசத்துக்கு ஒரு குணம்,
தொட்ட குழாயை விடாது.
ஆறு முறை கழுவியும்
காலையில் வந்த மாங்கூழில் துளி ஏறிவிட்டது.

நாற்பது பீப்பாய் நின்றது.
சிவப்பு நாடா கட்டினார்கள்.
எந்தத் தோட்டத்துக் காய், எந்த போர்த் தண்ணி,
யார் லாரி, யார் ஷிஃப்ட்,
ஒன்பது மணிக்குள் எல்லாப் பெயரும் மேசைமேல்.

ஒரு பட்டாணியின் மிச்சத்தின் மிச்சம்.
நாலு மாசம், ராத்திரி ராத்திரியாக
அவள் தோலில் ஊறியபோது
ஒரு முழம் நாடா இல்லை இந்த ஊரில்.
கடை திறந்துதான் இருக்கிறது.
வரும்போது பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

"இருநூத்திப் பதினெட்டு, யார் போட்டது?"
நான்தான் சார்.
"என்ன பொருள்னு எழுதலையே?"
பேனாவை வாங்கிக் காலி இடத்தில் எழுதினேன்:
முகம்.

மேனேஜர் வெகுநேரம் அதைப் படித்தார்.
நான் சொல்லச் சொல்லக் கேட்டார்.
வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.
கதவைச் சாத்திவிட்டு வந்து,
குரலைத் தணித்துக் கேட்டார்:

"தங்கக் கலர் மூடியா?
மேல ஒரு முத்து வச்சிருக்குமே?"