முப்பத்திரண்டாம் வரி

கொழிஞ்சாம்பாறையில் உரக்கடை மாடி.
ஆறு கம்ப்யூட்டர்.
நான்காவதில் எண்டர் தட்டினால்
இரண்டு வரி இறங்கும்.
அதுதான் எனக்கு வாய்த்தது.

பகலில் கோபாலபுரம் எடைமேடையில்
தீவன லாரிகளுக்குச் சீட்டுக் கிழிப்பவள்
மாலை ஆறரைக்கு
ஷைனி மிஸ் சொல்லச் சொல்ல
ஒரு ஜன்னல் செய்தேன்,
நடுவில் ஒரு பட்டன்.

ஓட்டினால் ஓடவில்லை.
முப்பத்திரண்டாம் வரியில் பிழை என்றது.
அந்த வரியை அழித்தேன், எழுதினேன்,
மறுபடி அழித்தேன்.
பக்கத்து நாற்காலி சடையப்பன் எட்டிப் பார்த்து
“அது சும்மாதான் இருக்குதுங்க்கா, விட்ருங்க” என்றான்.
“ஒரு வரி மேலோட்டு நோக்கு சேச்சி” என்றாள் மிஸ்.

முப்பத்தொன்றின் கடைசியில்
ஒரு செமிகோலன் இல்லை.

தப்பு ஓரிடம், சத்தம் ஓரிடம்.
எங்கள் சமையலறையில் நின்றால்
போன் கேரளாவுக்கு வரவேற்கும்,
வாசலுக்கு வந்தால் தமிழ்நாட்டுக்கு.
அடுப்பு எங்கேயும் போனதில்லை.

புள்ளியும் வாலும் வைத்துப்
பட்டனை அழுத்தினேன்.
எடை: 0 என்று வந்தது.
எதுவுமே ஏற்றவில்லையே,
சரியாகத்தான் சொல்கிறது.
இருந்தாலும் இன்னும் நான்கு தடவை அழுத்தினேன்.
பூஜ்யம், பூஜ்யம்.
சடையப்பன் சிரித்தான்.

மறுநாள் பன்னிரண்டாம் லாரியில்
நாற்பது கிலோ இடிக்கிறதென்று
முதலாளி சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.
கடைசிக் கையெழுத்து என்னுடையது.

“பதினொன்னைப் பாருங்க” என்றேன்.

பார்க்கவில்லை.
டீ மட்டும் சொன்னார், இரண்டாக.