பதின்மூன்றாம் கொலனி

“நாலாங் கொலனி, ஏழாங் கொலனி,
பன்னெண்டு, பதிமூணு, ஏறு ஏறு!”
கல்முனையில் கொண்டக்டர் கூவும்போது
என் மடியில் விரிந்திருக்கிறது இன்னொரு கரை.
அங்கேயும் பதின்மூன்று கொலனிகள்,
வடக்கிருந்து தெற்காக, பரீட்சைக்குப் பாடம்.
அந்த வரிசையில் என் வீடு எந்தத் தரிப்பில் என்று
ஒரு கணம் தேடினேன்.

ஒலுவிலில் இந்தப் பாடத்தை எடுத்தவர்கள் ஒன்பது பேர்.
“அதில ஒரு கதையும் இல்லை கா” என்றாள் ஸுஹைறா,
நாடகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு.
உண்மைதான். பிரசங்கம், நாட்குறிப்பு,
கப்பலில் ஏற்றிய பீப்பாய்க் கணக்கு,
முதற் குளிர்காலத்தில் செத்தவர்களின் பட்டியல்.
குளிர்காலம் என்று வருமிடமெல்லாம்
நான் மாரி என்று வாசிக்கிறேன்.
பனி எனக்குப் பிடிபடவில்லை.
வெள்ளம் ஏறிய வீட்டில் விறகு நனைந்தால்
பிள்ளைகள் எப்படி அழும் என்று தெரியும்.

அம்மை பரவியதைப் பற்றி ஒரு போதகர்:
கர்த்தர் முன்னமே கூட்டிப் பெருக்கி
நமக்கு நிலத்தைத் துப்புரவாக்கித் தந்தாராம்.
பேனையை மூடி வைத்துவிட்டேன்.
எங்கள் பக்கம் அம்மை என்றால் தாய்.
வைகாசியில் குளிர்த்தி பாடி
அவளை ஆற்றி அனுப்புவோம்.
அவளைத் துடைப்பமாக்கலாம் என்று
இங்கு எவருக்கும் தோன்றியதில்லை.
தோன்றியவர்கள் எழுதாமல் விட்டார்களோ, தெரியாது.

அசைன்மென்ட்: ‘வரலாற்றுப் பின்னணியை ஆராய்க.’
பின்னணி என்றதும் ஸ்டூடியோவில் தொங்கும் திரைதான் ஞாபகம்,
அருவி, மாடிப்படி, இரண்டு வாத்து.

இறங்கிய கொஞ்ச நாளிலேயே
மணல்மேடொன்றைக் கிண்டினார்களாம்.
உள்ளே கூடை. கூடைக்குள்
யாரோ விதைக்கு வைத்த சோளன்.
எடுத்துக்கொண்டார்கள்.
உரியவரைக் கண்டால் விலை கொடுப்போம் என்று
எழுதியும் வைத்தார்கள்.
பிறகு வந்த உறுதிகளில்
நிலம் கொடுத்தவர்கள் கையெழுத்துக்குப் பதிலாக
ஓர் ஆமை கீறியிருக்கிறார்கள், ஒரு வில்.

அன்றிரவு றங்குப்பெட்டியைத் திறந்து
அப்பப்பாவின் பெர்மிட்டை எடுத்தேன்.
மூன்று ஏக்கர் வயல். வடக்கே வாய்க்கால்,
கிழக்கே வாய்க்கால், மேற்கே காடு.
பெருவிரல் ரேகை, மை பரந்து.
தொண்ணூறில் ஓடும்போது அம்மா
நெல்லை விட்டுவிட்டு இந்தத் தாளைத்தான் எடுத்தாளாம்.
திரும்பி வந்தபோது
மேற்கெல்லை நடுவயல்வரை வந்திருந்ததாம்.

“நமக்கு முந்தி அங்க ஆரும்மா இருந்த?”
“காடுதான் புள்ள. ஆன இருந்திச்சி.”
மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கொஞ்சம் பொறுத்து,
“வெட்டப் போன அண்டைக்கு ஒரு மரத்தில
சுரக்குடுவ தொங்கினதாம். தேன்.
வாய இலையால கட்டி.”
“ஆர்ர?”
“ஆருக்குத் தெரியும். வேடனாக்களாக்கும்.”
“என்ன செஞ்சாங்க?”
“பசி கா” என்றாள்,
செதிலைக் கழுவி ஊற்றிவிட்டு.

எங்கள் வீட்டில் இதை எவரும் எழுதி வைக்கவில்லை.

இன்றைக்கு வாசித்துக்கொண்டே
நாலாங் கொலனியைத் தவறவிட்டேன்.
கடைசித் தரிப்பு. பஸ் கிறுக அரை மணித்தியாலம்.
வாய்க்கால் கட்டில் மூன்று கல் வைத்து
ஒருத்தி சோளன் அவித்துக்கொண்டிருந்தாள்.
ஒன்று வாங்கிக் கடித்த பிறகுதான் பார்த்தேன்,
மகாபொல காசு, ஐயாயிரம் தாள் ஒன்று மட்டும்.
“மறுகா வரக்குள்ள தாங்க” என்றாள்
பானையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பேர் கேட்டிருக்கலாம். பஸ் ஹோன் அடித்தது.
போட்டோகொப்பியின் ஓரத்தில்,
செத்தவர் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதினேன்:
சோளன் ஒன்று. நூறு ரூபா. கடன்.