ஹீட்டர் உண்டு

ஏல நோட்டீஸில் பொய் எழுதவில்லை:
"மெர்க்குரி பிக்கப், ஐம்பத்தாறாம் வருடம்,
பச்சை நிறம், ஓடும், ஹீட்டர் உண்டு."
உண்டுதான்.
காலடியில் ஒரு தகரப் பெட்டி,
அதற்கு ஒரு குட்டிக் கதவுகூட.

நவம்பர் முழுக்க
ஒரு கையில் ஸ்டியரிங்,
மறு கையில் வங்கி அட்டை.
கண்ணாடியின் உட்புறப் பனியைச் சுரண்டிச் சுரண்டி
அட்டையில் என் பெயரின் முதலெழுத்து போய்விட்டது.
அந்தப் பனி வேறெதுவுமில்லை, என் மூச்சுதான்.
பேசாமல் ஓட்டினால் குறையுமா என்று
வாட்ரஸ்வரை வாயை மூடிப் பார்த்தேன்.
குறையவில்லை.

இன்று ஞாயிறு. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கொட்டகைக்குள் மைனஸ் பன்னிரண்டு;
சஸ்காச்சுவனில் இதற்குச் சுகம் என்று பெயர்.

பானட்டைத் தூக்கினேன்.
எஞ்சினிலிருந்து புறப்பட்ட குழாய்
கேபினுக்குள் நுழையவே இல்லை.
கடன் கேட்க வந்தவன்
வாசலில் மனம் மாறித் திரும்பியதுபோல
சுவர்வரை வந்து, வளைந்து,
எஞ்சினுக்கே போயிருந்தது.

பெட்டிக்கு நான்கு திருகு. மூன்று கழன்றன.
நான்காவது என்னைவிட வயதில் மூத்தது,
துளைபோட்டுத்தான் எடுத்தேன்.
உள்ளே எலிக்கூடு:
இருக்கைப் பஞ்சு, சிவப்புக் கம்பளி நூல்,
கோதுமை எடைச்சீட்டின் ஒரு கிழிசல்,
அதில் "ஈரப்பதம் 14" மட்டும் தப்பியிருந்தது.
எலி இல்லை.
அதற்கே குளிர் தாங்கியிருக்காது.

செம்பு ரேடியேட்டரை வெளியே எடுத்து
மாடுகள் குடிக்கும் தொட்டியில் அமுக்கினேன்.
(மாட்டுத் தொட்டியில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது.)
ஒரு வாயை விரலால் அடைத்து
மறு வாயில் ஊதினேன்.
இடது கீழ் மூலையில்
கடுகளவு குமிழ்.
இன்னொன்று.
அடுத்தடுத்து, பொறுமையாக.
அதே மூச்சுதான், இந்த முறை உபயோகமாக.

செம்பென்றால் களிம்பு இருக்கத்தான் செய்யும்;
கம்பித் தூரிகை, பிளக்ஸ், டார்ச்.
ஈயம் முதலில் உருண்டு
என் பூட்ஸில் விழுந்து பொரிந்தது.
இரண்டாம் முறை
தானாக ஓடி ஓட்டைக்குள் உட்கார்ந்தது.

அது ஆறும்வரை, பொறுக்காமல்,
வண்டியை விற்ற ஓரெஸ்ட் ஹ்ரின்சுக்குக்கு போன் செய்தேன்.
"குழாயை ஏன் அப்படித் திருப்பிவிட்டீர்கள்?"

"ஓ, அதுவா.
எழுபத்தொன்றில், ஈஸ்டர் அன்றைக்கு
ஸ்டெஃபாவின் புது ஷூவில் ஒழுகிவிட்டது.
சரிசெய் என்றாள்.
சரிசெய்தேன்."
இருமினார்.
"அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகியதில்லையே."

"சூடு?"

"கம்பளி வைத்திருந்தாள்," என்றார்.
பின்னால் தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்டார்கள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். புதுக் குழாய், புதுக் கிளாம்ப்.
முன்சக்கரங்களைப் பலகையில் ஏற்றி
காற்று வெளியேறக் காத்திருந்தேன்.
வயிறு சரியில்லாத மாடுபோல
வண்டி களகளவென்றது, பிறகு அடங்கியது.
கீழ்க்குழாயைத் தொட்டேன். குளிர்.
தொட்டேன். குளிர்.
தொட்டேன், கையை உதறினேன்.

விசிறியைப் போட்டதும்
முதலில் வந்தது சூடல்ல, நாற்றம்:
எரிந்த தூசி, எலி மூத்திரம், ஏதோ பழைய கம்பளி.
சூடு மெதுவாக
இடது முழங்காலை விட்டுவிட்டு
வலது முழங்காலில் ஏறியது.

இப்போது சாலையில்.
கண்ணாடி தெளிகிறது,
உள்ளங்கை அகலத்துக்கு,
பக்கத்து இருக்கைக்கு நேரே மட்டும்.
என் பக்கத்துக் காற்றுக்குழல் அறுந்திருக்கிறது;
அது அடுத்த ஞாயிறு.
வலப்புறம் சாய்ந்தே ஓட்டுகிறேன்,
யாரோ காதில் சொல்வதைக் கேட்பவள்போல.

ஸ்டெஃபா உட்கார்ந்த இடத்திலிருந்து
சாலை நன்றாகத்தான் தெரிகிறது.
ஒரு கையுறையைக் கழற்றி
அங்கே வைத்தேன்.